ஃபாரம் 22 கேட்டாயா மாப்ளே?

தாண்டிக்குடி,
ஞாயிறு இரவு

மாப்ளே,

மூன்று மாதமாக உன் போனை எடுக்கவில்லை. உனக்குக் கோபம் இருக்கும், அது நியாயம்தான். சொல்ல முடியாமல்தான் ஒதுங்கி இருந்தேன். நேற்று வாத்தியார் கூப்பிட்டு, "ஆனைகட்டித் தோட்டத்துக்கு அவனும் அதே ஏ.டி.வி. வண்டியை புக் பண்ணப் போறானாம், உன்னைப் பாத்துத்தானாம்" என்றார். நான் வாங்கிய அந்த நாலு தடித்த டயர், ஹேண்டில்பார் வைத்த தோட்டத்து வண்டியைத்தான் சொன்னார். இராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

தங்கச்சி சுகமா? பாப்பா எந்தக் காலேஜ்? இங்கே அம்மாவுக்கு முட்டிவலி பழையபடிதான். மிளகு பரவாயில்லை, காபிக்கு ஆள் கிடைக்காமல் பாதிப் பழம் செடியிலேயே காய்ந்தது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வண்டி வந்த அன்றைக்கு நான் போட்ட போட்டோவைப் பார்த்து, "மலையரசன் வந்துட்டான்" என்று குரூப்பில் எழுதினாய். அப்புறம் நடந்ததை நான் யாருக்கும் எழுதவில்லை.

எங்கள் மேல்காட்டுக்கும் கீழ்காட்டுக்கும் நடுவில் பஞ்சாயத்து ரோடு போவது உனக்குத் தெரியும். நீ பலாப்பழத்தோடு சறுக்கி விழுந்தாயே, அதே வளைவு. ஒரு கேட்டிலிருந்து வந்து இன்னொரு கேட்டுக்குள் போக ரோட்டில் இருநூறு அடி ஓட்டினால் போதும். பொங்கலுக்கு முந்தின வாரம் எங்கள் தோட்டத்து ஆள் பாண்டி அந்த வண்டியில் இரண்டு மூட்டை காபிப் பழத்தை ஏற்றிக்கொண்டு ரோட்டில் இறங்கினான். எதிரே டி.வி.எஸ். எக்ஸெல்லில் ஒருத்தர் வந்தார், பெருமாள்மலைப் பக்கம் மிளகு வாங்கி விற்கிறவர். வளைவில் இவன் வெளியே வந்ததை அவர் பார்க்கவில்லை. அவருக்கு வலது தொடை எலும்பு இரண்டாக முறிந்துவிட்டது. வத்தலக்குண்டில் முதல் கட்டுப்போட்டு மதுரைக்குக் கொண்டுபோனோம். உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. மூன்றைத்தான் கேட்டார்: ஆர்.சி., இன்சூரன்ஸ், லைசென்ஸ். பாண்டியிடம் லைசென்ஸ் இருந்தது. மற்ற இரண்டுக்கும் நான் நீட்டியது டீலர் கொடுத்த பில். அவர் அதைத் திருப்பி, அடியில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினார். 'ஃபார் ஆஃப் ரோடு யூஸ் ஒன்லி', அதாவது ரோட்டில் ஓட்டுவதற்கு இல்லை. அதே வாசகம் டேங்க் மேல் மஞ்சள் ஸ்டிக்கராகவும் ஒட்டியிருந்தது, மாப்ளே. தினமும் அதன் மேல் கையை ஊன்றித்தான் ஏறியிருக்கிறேன்.

வாங்கும்போது டீலர் கடையில் நான் கேட்காமல் இல்லை. "ரிஜிஸ்ட்ரேஷன் எல்லாம் எப்படி?" என்றேன். "இது தோட்டத்து வண்டி சார், அந்தத் தொந்தரவே கிடையாது" என்றான் அந்தப் பையன். வரி இல்லை, நம்பர் வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம் என்றதும் எனக்கு லாபமாகத்தான் பட்டது. வண்டியை ஓட்டி வராமல் மினி லாரியில் ஏற்றி வந்து இறக்கினார்கள். ஏன் என்று அன்றைக்காவது கேட்டிருக்க வேண்டும்.

திண்டுக்கல் வக்கீல் அண்ணன் உட்கார வைத்துச் சொன்னதை அப்படியே உனக்குச் சொல்கிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில், தொழிற்சாலைக்குள்ளோ வேலி போட்ட இடத்துக்குள்ளோ மட்டும் ஓடுவதற்கென்றே செய்த வண்டிக்கு விலக்கு உண்டு. டீலர் பிடித்துக்கொள்வது அந்த வரியைத்தான். ஆனால் பொதுஜனம் போய்வர உரிமையுள்ள வழி எதுவானாலும் சட்டத்துக்கு அது பொது இடம். பஞ்சாயத்து ரோடும் அதில் சேர்த்தி. அதில் இருநூறு அடியும் ஒன்றுதான், இருநூறு கிலோமீட்டரும் ஒன்றுதான். 39ஆம் பிரிவுப்படி பதிவும், 146ஆம் பிரிவுப்படி மூன்றாம் நபர் காப்பீடும் இல்லாமல் அங்கே சக்கரம் படக்கூடாது. அபராதம் சில ஆயிரம்தான், அது போகட்டும். அடிபட்டவருக்குத் தீர்ப்பாயம் சொல்லப்போகிற இழப்பீடு முழுவதும் என் தலையில். இன்சூரன்ஸ் இருந்திருந்தால் கம்பெனி கொடுக்கும். ஆஸ்பத்திரிக்கு மட்டும் இதுவரை மூன்று லட்சத்துக்கு மேல் ஆகிவிட்டது.

பணத்தை விடு. வார்டு வாசலில் அவர் சம்சாரம் டிபன் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இப்போதாவது பதிவு பண்ணிவிடலாமே என்றுதான் நானும் நினைத்தேன். முடியாது. ஃபாரம் 22 என்று ஒன்று இருக்கிறது, தயாரித்த கம்பெனி கொடுப்பது. இந்த வண்டி புகை, பிரேக், விளக்கு எல்லாவற்றிலும் சாலை விதிக்கு ஒத்துவருகிறது என்கிற சான்று. அதைக் கொடுக்க வேண்டுமானால், புனே ஏ.ஆர்.ஏ.ஐ., நம் ஒரகடத்தில் இருக்கும் மையம் போன்ற இடங்களில் அந்த மாடல் சோதனையில் தேறியிருக்க வேண்டும். தோட்டத்துக்கு மட்டும் என்று விற்கிற வண்டிக்கு அது எடுத்திருக்க மாட்டார்கள். அது இல்லாமல் ஆர்.டி.ஓ. ஆபீஸில் மனுவே நகராது. டீலரிடம் திரும்பப் போனேன். "வெளிமாநிலத்தில் ஆள் இருக்கு சார், நம்பர் வாங்கித் தரேன்" என்றார்கள். அதற்கு மேல் அங்கே நிற்கப் பிடிக்காமல் வந்துவிட்டேன். வண்டி ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது.

போன மாதம் தம்பி ஃபோர் வீல் டிரைவ் ஜீப் எடுத்தான். நானும் கூடவே போய் ஒவ்வொரு தாளையும் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடவிட்டேன். பதிவு மனு ஃபாரம் 20, டீலர் தரும் விற்பனைச் சான்று ஃபாரம் 21, அப்புறம் அந்த 22. கடன் என்பதால், கடன் கொடுத்தவர் பெயரைப் பதிவில் சேர்க்கும் 34ம் சேர்ந்தது. ஷோரூம் பையன் பானெட்டைத் திறந்து, சேஸிஸ் எண்ணின் மேல் மெல்லிசான தாளை வைத்து பென்சிலால் தேய்த்தான். பதினேழு எழுத்தும் ஒவ்வொன்றாகத் தாளில் எழும்பி வந்தன. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று ஃபாரத்தோடும் ஒத்துப்பார்த்தேன். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

வண்டி 12 லட்சத்து 40 ஆயிரம். 2023 நவம்பருக்குப் பிறகு நம் தமிழ்நாட்டில் 10 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரை 18 சதவீத வாழ்நாள் வரி, அதுவே 2 லட்சத்து 23 ஆயிரம். 10 லட்சம் தாண்டினால் ஒரு சதவீதம் டி.சி.எஸ்., அதாவது விற்கிறவரே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள். பான் எண்ணைச் சரியாகக் கொடு, வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகத் தராதே, வாங்குகிறவனுக்குச் சட்டச் சிக்கல். மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீட்டை அவர்களிடமே எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தம்பி வெளியே எடுத்தான், முகம் சுளித்தார்கள், ஆனால் ஒத்துக்கொண்டார்கள். முக்கியமாக ஒன்று, மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு உள்ளூர் டீலர்தான் பதிவுக்கு மனுப்போட வேண்டும், நம்பர் பிளேட் மாட்டாமல் வண்டியை உன் கையில் கொடுக்கக்கூடாது. அவசரம், அஷ்டமி வருகிறது என்று நீ கேட்டாலும் கொடுக்கக்கூடாது.

உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா? புல்லட் சைலன்சரை மாற்றி ஹாஸ்டல் வார்டனை எழுப்பியவன் நீ. ஜீப்பே எடுத்தாலும் முன்னால் புல் பார், மேலே வரிசையாக விளக்கு, மாட்டுவண்டிச் சக்கரம் மாதிரி டயர் என்று கேட்பாய். ஆக்சசரீஸ் புத்தகத்தில் எல்லாவற்றையும் படம் போட்டுத்தான் காட்டுவார்கள். அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றாதே என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. புல் பார் கூடாது என்று மத்திய அரசு 2017லேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. எதிரே நடந்து வருகிறவனின் இடுப்பு எலும்புக்கு நேராக ஓர் இரும்புக் கம்பி எதற்கு, சொல்?

உன் தோட்டமும் ரோட்டைத் தாண்டித்தானே இருக்கிறது? ஓடையைக் கடந்து, கோயில் பாதையில் கொஞ்ச தூரம் போய்த்தான் கேட் வரும். அந்தப் பாதையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கிறார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

அட்வான்ஸ் போட்டுவிட்டாயா? போடவில்லை என்றால் நாளைக் காலையிலேயே டீலரிடம் ஒரு கேள்விதான், "ஃபாரம் 22 தருவீர்களா?" வாயால் சொல்வது வேண்டாம், தாளைக் காட்டச் சொல். இழுத்தால் எழுந்து வந்துவிடு. போட்டுவிட்டாய் என்றால் ரசீதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, வக்கீல் அண்ணனிடம் காட்டுகிறேன்.

வியாழக்கிழமை அந்த அடிபட்டவரைப் பார்க்கப் போகிறேன். வாக்கரைப் பிடித்துத் திண்ணை வரை நடக்கிறாராம். வருகிறாயானால் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் பத்து மணிக்கு நில். தனியாகப் போக இன்னும் கால் வரவில்லை.

உன்
மாப்ளே