வெற்றிலைக்கடை மாமாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

போன வாரம் எடுத்த எக்ஸ்ரேயில், முதுகெலும்பை ஒட்டவைக்கும் ஆபரேஷனில் அப்பாவின் இடுப்புப் பக்கம் போட்ட திருகுகளைச் சுற்றி, அவை தளர்ந்ததைக் காட்டும் கறுப்பு வளையம் எதுவும் இல்லை. எலும்பும் நன்றாக ஒட்டி வருகிறதாம். டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் அம்மா அழுதுவிட்டாள். நடந்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்லத் தெம்பில்லை.

கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் தஞ்சாவூருக்கு வண்டி எடுத்த தம்பி (அய்யம்பேட்டை வேகத்தடைகளில் என்ன பொறுமை!), ரத்தம் கொடுத்த பிள்ளைகள், சம்பா நடவை முடித்துத் தண்ணீரும் பார்த்துக்கொண்ட சித்தப்பா, மாட்டுக்கு வைக்கோல் போட்ட எதிர்வீட்டு அக்கா, உங்கள் எல்லோருக்கும் எங்கள் கும்பிடு.

மாமாவைப் பற்றித்தான் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன்பே டாக்டர் விளக்கியிருந்தார். திருகும் கம்பியும் டைட்டானியம்தான், ஆனால் கான்கிரீட் இறுகும்வரை நிற்கிற சென்ட்ரிங் முட்டு மாதிரி. எலும்பு ஒட்ட ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். ஒட்டாவிட்டால் சுமை முழுக்க உலோகத்தின் மேலேயே இருக்கும். திருகு தளரலாம், கம்பி முறியலாம், மறுபடி கத்தி வைக்க வேண்டிவரலாம். சர்க்கரை கூடினால் தையலில் சீழ் வைக்கும் பயம். எலும்பு அடர்த்தி டெஸ்ட்டில் அப்பாவுக்கு மைனஸ் 2.5-ஐ ஒட்டி வந்திருந்தது. அந்தக் கோட்டைத் தாண்டினால் எலும்புப்புரை, திருகுக்குச் சரியான பிடிமானம் கிடைக்காது. இரண்டுக்கும் மருந்து உண்டு. மூன்றாவது, புகையிலை. "அப்பா பீடி, சிகரெட் தொடமாட்டாரே" என்றேன். மென்றாலும் அதே நிகோடின்தான், ரத்தக்குழாயைச் சுருக்கி எலும்பை ஒட்டவிடாது என்றார்.

வெற்றிலையோடு புகையிலை போடுவது அப்பாவுக்குக் கல்யாணத்துக்கு முந்திய பழக்கம். மகள் சொல்லி நிற்குமா?

வெற்றிலை வாங்கப் போனபோது பேச்சுவாக்கில் மாமாவிடம் இதைச் சொன்னேன், அவ்வளவுதான். அப்பா தடியை ஊன்றிக்கொண்டு கடைக்கு நடக்கத் தொடங்கிய நாளில், கவுளியிலிருந்து கொழுந்தாகப் பார்த்து எடுத்துக் காம்பு கிள்ளி, சீவலும் சுண்ணாம்பும் வைத்து, புகையிலை டப்பாவை மட்டும் பலகைக்குக் கீழே தள்ளிவிட்டாராம். "காசுதானே குடுக்குறேன், சரக்கைக் குடு" என்று அப்பா கத்தியிருக்கிறார். "முதுகு ஒட்டட்டும் மச்சான், அப்புறம் பாப்போம்" என்று இரண்டு கிராம்பை மடிப்பில் வைத்துக் கொடுத்தாராம். அதோடு விடாமல் பஸ் ஸ்டாப் பெட்டிக்கடைக்கும் டீக்கடைக்கும் தானே போய்ச் சொல்லிவைத்திருக்கிறார். அப்பா கொஞ்ச நாள் அவரோடு பேசவேயில்லை. மாமா கிராம்பை நிறுத்தவில்லை. (சீவலும் நல்லதில்லைதான், அது வேறு பஞ்சாயத்து.)

விற்கிறவரே விற்க மாட்டேன் என்றதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இனி எங்கள் வீட்டு விசேஷங்களில் தாம்பூலத் தட்டில் புகையிலை இருக்காது, மாமா. இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

அடுத்த எக்ஸ்ரே வருடம் முடியும்போது. அதுவரை அப்பா கெஞ்சினாலும் யாரும் கும்பகோணத்திலிருந்து பன்னீர்ப் புகையிலை வாங்கிவந்து கொடுக்க வேண்டாம். மாமா வாயை ஊதச் சொல்லிப் பார்க்கிறார்.