அது மர்ம ஜந்து அல்ல, பெலாங்காஸ்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இதழில் பினாங்குத் தீவின் தெலுக் கும்பார் கடற்கரையில் 'வாலில் விஷமுள்ள மர்ம ஜந்து' ஒதுங்கியதாகப் படம் போட்டிருந்தீர்கள். பார்த்ததுமே என் அம்மா, "பெலாங்காஸ்தானே இது, இதுல என்ன மர்மம்?" என்றார். பாயான் லெப்பாஸ் சந்தையில் மீன் விற்ற அவருக்குத் தெரிந்தது ஒரு பத்திரிகைக்குத் தெரியவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பெலாங்காஸ் என்பது மலாய்ப் பெயர், தமிழில் குதிரைலாட நண்டு என்பார்கள், ஆனால் நண்டே இல்லை, சிலந்திக்கும் தேளுக்கும்தான் உறவு. 40 கோடி ஆண்டுகளுக்கு மேலாக இருக்கும் இனம். வாலில் விஷமும் இல்லை, கொடுக்கும் இல்லை. அலை புரட்டிப் போட்டால் அந்த வாலை மணலில் ஊன்றித்தான் நிமிரும். உங்கள் படத்திலோ ஒருவர் வாலைப் பிடித்தே தூக்கி நிற்கிறார், அப்படித் தூக்கினால் அதற்குக் காயமாகும். இதில் சதுப்புநில வகையைச் சமைத்துச் சாப்பிட்டுச் செத்தவர்கள் உண்டு, எச்சரிக்க வேண்டியது அதைத்தான்.

திங்கள் காலை அதே கரையில் இரண்டு பையன்கள் ஒன்றைக் கட்டையால் அடித்துக்கொண்டிருந்தார்கள். "பாய்சன் அங்கிள், தாத்தா பேப்பர்ல படிச்சாரு" என்றான் சின்னவன். ஓடு பிளந்து வெளிர் நீலமாக இரத்தம் மணலில் இறங்கியிருந்தது. பின்னால் ஒட்டியிருந்த ஆண் பிடியை விடாமல் இருந்தது. முட்டையிட வந்த ஜோடி ஐயா அது, பௌர்ணமி அமாவாசை நீரேற்றத்துக்கு இப்படித்தான் கரையேறும். ஊசி மருந்தில் கிருமி நச்சு இருக்கிறதா என்று சோதிக்க இந்த இனத்தின் இரத்தத்தைத்தான் பல காலமாகப் பயன்படுத்துகிறார்கள், அந்தப் பையன்களுக்குப் போட்ட தடுப்பூசியும் அந்தச் சோதனையைத் தாண்டி வந்ததாக இருக்கலாம்.

இது முதல் தடவையும் இல்லை. சொறிமீன் கொட்டினால் சிறுநீர் ஊற்றச் சொல்லி ஒருமுறை எழுதினீர்கள். அது தவறு, பெட்டிச் சொறிமீன் என்றால் வினிகர் ஊற்றி உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று கடிதம் போட்டேன், பத்திரிகையில் வரவே இல்லை. திமிங்கலச் சுறாவைத் திமிங்கலம் என்று போட்டபோதும் எழுதினேன், பதில் இல்லை. 25 வருஷமாக வாங்கிப் படிக்கும் வாசகனுக்கு இதுதானா மரியாதை? தெற்குக் கரையில் கடலைத் தூர்ப்பது பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே எழுதியவர்கள். மணல்கரை குறைந்துகொண்டே போகும்போது மிச்சம் வருவதையும் அடித்துக் கொல்ல வைக்கலாமா?

அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், வாலில் விஷம் இல்லை என்று 4 வரி போடுங்கள். அடுத்த முறை இப்படி ஏதாவது ஒதுங்கினால், அச்சுக்குப் போகும் முன் தெலுக் பஹாங்கில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகக் கடல் ஆய்வு மையத்துக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

இப்படிக்கு,
பாயான் லெப்பாஸ் வாசகர்