அவுட்டர் பேங்க்ஸ் போகும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

வட கரோலினாத் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். கோடை வந்தால் அவுட்டர் பேங்க்ஸ் தீவுகளில், டேர் கவுண்டிக் கடற்கரையில் வீடு எடுப்பது நமக்கெல்லாம் வழக்கமாகிவிட்டது. நாலு குடும்பம், ஒரு பெரிய வீடு, டப்பா டப்பாவாக இட்லி மாவு. ஒரு நாள் ரைட் சகோதரர்கள் நினைவுச்சின்னம், இன்னொரு நாள் ஹட்டராஸ் கலங்கரை விளக்கம், இரண்டு இடத்திலும் குழுப்படம். அத்தோடு வரலாறு முடிந்தது, அப்புறம் கடலில் ஆட்டம்தான். அதில் தப்பில்லை. ஆனால் அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே, வண்டியை நிறுத்தாமலே நாம் தாண்டிப்போகும் ஓர் இடம் இருக்கிறது.

12ஆம் எண் சாலையில் தெற்கே போனால் ரொடாந்தி ஊர் வரும். சிக்கமகாமிக்கோ உயிர்மீட்பு நிலையம் அங்கேதான். 1874இல் கட்டிய கட்டடமும் 1911இல் கட்டியதும் இன்றும் நிற்கின்றன. அமெரிக்க அரசின் தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் இந்த நிலையம் 1976இல் இடம்பெற்றது. மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும் கடல் இது. எத்தனையோ கப்பல்களை விழுங்கியிருக்கிறது. கரை நெடுக இப்படி நிலையங்கள் வைத்து, புயலிலும் படகு தள்ளிப் போய் ஆட்களை மீட்டார்கள்.

1918 ஆகஸ்டில் மிர்லோ என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பல் இந்தக் கரைக்கு அப்பால் வெடித்தது. கொட்டிய பெட்ரோல் தீப்பிடித்துக் கடலே எரிந்தது. இந்த நிலையத்திலிருந்து ஆறு பேர் ஒரு படகில் போய் 42 பேரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்தப் படகு, எண் 1046, இன்னும் உள்ளேயே இருக்கிறது. பக்கத்தில் போய் நின்று பாருங்கள். இதிலா போனார்கள் என்று இருக்கும்.

நாம் படம் எடுக்கும் ரைட் சகோதரர்கள் கதையிலும் இந்த மீட்பு ஆட்கள் உண்டு. 1903 டிசம்பர் 17 அன்று அவர்களுடைய முதல் 12 விநாடி விமானப் பறப்பைப் படம்பிடித்த ஜான் டேனியல்ஸ், பக்கத்து மீட்பு நிலையத்து ஆள். அன்றைக்கே காற்று விமானத்தைப் புரட்டியபோது அதில் சிக்கி அடிபட்டவரும் அவர்தான், பாவம்.

ரொடாந்திக்கு முன்னால் பீ தீவைக் கடப்போம். அடிமையாகப் பிறந்த ரிச்சர்ட் எத்தரிட்ஜ் 1880இல் அங்கே இருந்த மீட்பு நிலையத்துக்குத் தலைவரானார். அவருக்குக் கீழே வேலை செய்தவர்கள் எல்லோரும் கறுப்பினத்தவர். 1896 புயலில் இ. எஸ். நியூமன் என்ற கப்பல் தரைதட்டியபோது படகை இறக்க முடியவில்லை. இருவர் இருவராகக் கயிற்றால் பிணைத்துக்கொண்டு நீந்திப்போய், கப்பலில் இருந்த 9 பேரையும் கரைசேர்த்தார்கள். அந்த மீட்புக்கான தங்கப் பதக்கம் வந்தது 1996இல், நூறு வருடம் கழித்து! நிலையம் இன்று அங்கே இல்லை. அதன் சமையல்கட்டு மட்டும் மேன்டியோ ஊரில் சிறு அருங்காட்சியகமாக இருக்கிறது. ராலேயிலிருந்து 64ஆம் எண் சாலையில் வருகிறவர்களுக்கு அது வழியிலேயே.

பதிவேட்டில் ஏறிவிட்டதே, இனி அதற்கென்ன என்று நினைக்க வேண்டாம். தனியார் இடமென்றால் இடிப்பதைக்கூட அந்தப் பதிவு தடுக்காது. கடலோ எந்தப் பதிவேட்டையும் பார்ப்பதில்லை. ஹட்டராஸ் கலங்கரை விளக்கத்தையே 1999இல் 2,900 அடி உள்ளே நகர்த்த வேண்டியிருந்தது. அத்தனை உயரச் செங்கல் கோபுரத்தைத் தண்டவாளம் போட்டு 23 நாளில் தள்ளிக்கொண்டு போனார்கள். அரசு இடம், பணம் கிடைத்தது. சிக்கமகாமிக்கோவை நடத்துவது லாபநோக்கமற்ற ஒரு சங்கம். நுழைவுச்சீட்டு, நன்கொடை போன்றவைதான் அதற்கு வரும்படி.

ஆகவே பயணத் திட்டம் போடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஹட்டராஸ் போகும் நாளில் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பி ரொடாந்தியில் இறங்குங்கள். கோடையில் வாரம் ஒரு நாள் பழைய முறைப்படி, சிறு பீரங்கியால் கயிறு எறிந்து ஆளை மீட்டுக் காட்டுவார்கள். பிள்ளைகள் அதை விட்டு நகர மாட்டார்கள். எந்தக் கிழமை என்று அவர்களிடம் கேட்டுக்கொண்டு வீட்டை முன்பதிவு செய்யுங்கள்.

அன்புடன்,
உங்களோடு வழக்கமாக வரும் ஒருவன்