பெயர்கள் அழியாதிருக்க: போதகர் ஐயாவின் 52 வருட ஊழியத்துக்கு ஒரு நன்றிக் காணிக்கை

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கும், சபை வேறுபாடு பாராமல் ஊரை நேசிக்கும் எல்லோருக்கும்,

எங்கள் போதகர் ஐயா திருப்பணியில் 52 வருடங்களை நிறைவு செய்திருக்கிறார். மேடை, பொன்னாடை, மணிவிழா மலர் என்று போடப்பட்ட திட்டம் எதற்கும் அவர் உடன்படவில்லை. நன்றி சொல்ல வேண்டியவன் நான்தான், ஆண்டவருக்கு. எனக்கு ஒருவரும் நன்றி சொல்லத் தேவையில்லை என்றார். "செலவழிக்கக் காசு இருந்தால் மிசன் வீட்டு அலுமாரிக்குள்ள கிடக்கிற பதிவேடுகளைப் பாருங்கோ. என்னை விட அதுகளுக்குத்தான் வயது போயிட்டுது" என்பதே அவர் கேட்ட ஒரே பரிசு. அதற்காகவே இந்தக் குழு அமைந்தது.

அலுமாரியில் ஞானஸ்நானம், திடப்படுத்தல், விவாகம், அடக்கம் என 23 பதிவேடுகள் இருக்கின்றன. அவற்றோடு ஐயாவின் பிரசங்கக் கொப்பிகள் 61. மொத்தம் ஏறத்தாழ 9,500 பக்கங்கள். ஒன்றுக்கும் பிரதி இல்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட ஊருக்கு, பிரதி இல்லாத ஏடு என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை.

இந்தப் பதிவேடுகளைத் தேடி இன்றும் ஆட்கள் வருகிறார்கள். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வலிகாமம் முழுவதும் வெறுமையானபோது பெட்டியோடு சான்றிதழ்களையும் இழந்த குடும்பங்கள் பல. பேத்தியின் திருமணத்துக்கு அம்மம்மாவின் ஞானஸ்நானப் பதிவைக் கேட்டு கனடாவிலிருந்தும் நோர்வேயிலிருந்தும் கடிதம் வருகிறது. ஒவ்வொரு முறையும் ஏட்டைத் திறந்து, விரலை வைத்துத் தேடி, மடித்து மூட வேண்டும். அப்படித் திறக்கும் ஒவ்வொரு முறையும் தாளின் ஓரம் கொஞ்சம் உதிர்கிறது.

ஐயாவின் கொப்பிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பிரசங்கக் குறிப்பின் அடியிலும் திகதி, இடம், பாடிய ஞானப்பாட்டின் இலக்கம், அந்தக் கிழமை வீடு சந்தித்தவர்களின் பெயர்கள். வருடத்தின் கடைசிப் பக்கத்தில் 'ஸ்தோத்திரம்' என்று தலைப்பிட்டு இலக்கமிட்ட ஒரு வரிசை. 1996ஆம் வருடக் கொப்பியில் அந்த வரிசை இப்படிப் போகிறது: 1. கிணறு வற்றவில்லை. 2. குளிசை கிடைத்தது. 3. சைக்கிளுக்குப் பின் ரயர். 4. ஆலயக் கூரையில் ஓடுகள் அநேகமாக இருக்கின்றன. 5. இந்த வருடம் 11 குழந்தைகள். அந்த 11 குழந்தைகளின் ஞானஸ்நானமும் முதலில் எழுதப்பட்டது 40 பக்க அப்பியாசக் கொப்பியில்தான், பென்சிலால். பிறகே பதிவேட்டில் ஏறியது. கொப்பியின் நடுவில் இருக்கும் கம்பி துருப்பிடித்து, மூன்று பெயர்களின் மேல் பழுப்பு நிறத்தில் படர்ந்திருக்கிறது. இன்னும் இரண்டு மாரி கண்டால் அந்த இடத்தில் ஓட்டைதான் இருக்கும்.

பழுதின் காரணம் ஏட்டுக்கு ஏடு வேறு. மிகப் பழைய மூன்று பதிவேடுகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. இரும்பு மையால் எழுதியவை. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சும் மை என்றால் ஊரில் விளங்கும். எழுதும்போது வெளிறிய நிறம், காயக் காயக் கறுப்பு. அந்த மையில் அமிலமும் கரையும் இரும்பும் உண்டு. ஈரக்காற்றுப் படப்பட அவை தாளின் நாரை அரிக்கின்றன. பேனை அழுத்திய இடங்களில் எழுத்தே துண்டாகக் கழன்று விழுகிறது. இப்படிப்பட்ட தாளில் தண்ணீர் கலந்த பசை பூசுவதைப் போன்ற கெடுதி வேறில்லை. ஈரத்தோடு இரும்பு சுற்றிப் பரவி, நல்ல இடத்தையும் தின்னத் தொடங்கும். 1950க்குப் பிந்தியவை ஊற்றுப்பேனை மை. அதற்கு அரிக்கும் குணம் குறைவு, ஆனால் ஒரு துளி ஒழுக்கு விழுந்தால் முழு வரியும் நீலமாகக் கரைந்துவிடும்.

நல்ல மனதோடு செய்த பழுதுகளும் உண்டு. கிழிந்த இடங்களில் ஒட்டிய செலோரேப் சில வருடங்களில் மஞ்சளாகிப் பிசின் தாளுக்குள் ஊறியிருக்கிறது; ரேப் கழன்ற பிறகும் பிசின் போகாது. இரண்டு பக்கங்களுக்கு லமினேற் போட்டிருக்கிறார்கள். சூட்டில் உருகிய பிளாஸ்ரிக்கைப் பிரிக்க வழியில்லை, உள்ளே அமிலம் தன் வேலையைத் தொடர்கிறது. பூச்சி உருண்டை போட்டால் பூஞ்சணம் சாகாது. வெயிலில் காயவைத்தால் தாள் மொறுமொறுத்து மை வெளிறும். உங்கள் வீட்டிலும் பழைய கடிதம், உறுதி, சாதகம் இருந்தால் இந்த நான்கையும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

வேலை நடக்கும் முறை இது. முதலில் சுத்தம். பூஞ்சணம் படிந்த ஏட்டைக் காய்ந்த காலத்தில்தான் தொடலாம்; ஈரமாக இருக்கும்போது துடைத்தால் அது தாளுக்குள் தேய்ந்து இறங்கும். மாரி முடிந்து பங்குனியில் தொடங்க முடிவு செய்தது இதனால்தான். மென்மையான ஆட்டுமயிர்த் தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைக்க வேண்டும், முகக்கவசம் போடாமல் ஒருவரும் உட்காரக்கூடாது. குண்டூசி, கம்பி எல்லாம் கழற்றப்படும். பூச்சி அரித்த ஏடுகளைப் பொலித்தீன் பையில் காற்றில்லாமல் கட்டி, உறைகுளிர்ப் பெட்டியில் மைனஸ் 18 பாகையில் இரண்டு கிழமை வைத்தால் முட்டையும் சேர்ந்து சாகும். எடுத்தவுடன் பையைப் பிரிக்கக்கூடாது. ஒரு நாள் முழுவதும் அறைச் சூட்டுக்கு வரவிட வேண்டும், இல்லாவிட்டால் குளிர்ந்த தாளில் நீர் படியும்.

அடுத்தது படம் எடுத்தல். தட்டை ஸ்கானரில் ஏட்டைக் கவிழ்த்து அழுத்தினால் முதுகு வெடித்துவிடும். ஆகவே ஏட்டை மேல்நோக்கி, வி வடிவத் தாங்கியில் பாதி திறந்து வைத்து, மேலே கம்பத்தில் பூட்டிய 24 மெகாபிக்சல் கமராவால் ஒரு முறைக்கு ஒரு பக்கம் எடுக்கப்படும். ஃபூல்ஸ்காப் தாளில் அங்குலத்துக்கு 400 புள்ளிகள் கிடைக்கும். பென்சில் எழுத்துக்கு அதற்குக் குறைந்தால் போதாது. இரண்டு பக்கமும் 45 பாகையில் விளக்கு, யன்னல் மூடி, விசிறி நிறுத்தி. ஓட்டை விழுந்த தாளின் கீழ் கறுப்புக் காகிதம் வைக்காவிட்டால் அடுத்த பக்கத்தின் எழுத்து ஓட்டையால் தெரிந்து, இல்லாத சொல்லை இருப்பதாகக் காட்டும். கவனமாகச் செய்தால் இரண்டு பேர் சேர்ந்து ஒரு நாளைக்கு 250 பக்கம் எடுக்கலாம். அதற்கு மேல் அவசரப்பட்டால் பக்கம் விடுபடும். அன்றைய படங்களை அன்றே ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அடுத்த ஏடு திறக்கப்படும்.

மூலப் படம் ஒன்று சுமார் 72 எம்பி. எல்லாம் சேர்ந்து 700 ஜிபி அளவில் வரும். 2 ரிபி வன்தட்டுகள் மூன்று வாங்கி, ஒன்று ஆலயத்தில், ஒன்று வேறு ஊரில், ஒன்று நாட்டுக்கு வெளியே வைக்கப்படும். வருடத்துக்கு ஒருமுறை மூன்றையும் திறந்து சோதிப்பது எழுதப்பட்ட பொறுப்பு. அலுமாரியில் போட்டு மறந்த வன்தட்டும் பழுதாகும்.

மிகக் கடினமானது பெயர் அட்டவணை. அமெரிக்க மிசனரிமார் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி என்ற கல்விக்கூடத்தின் காலத்தில், அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்பியவர்களின் பெயர்களை மாணவர்களுக்கு இட்டார்கள். அதே ஆள் ஒரு ஏட்டில் வீட்டுப் பெயரோடும், இன்னொன்றில் அந்த ஆங்கிலப் பெயரோடும் இருப்பார். ஒரே கிராமத்தில் மூன்று சின்னத்தம்பி. சாமுவேல் ஒரு இடத்தில் சாமுவல். எழுதியிருக்கிறபடி ஒரு நிரல், இன்றைய எழுத்தில் ஒரு நிரல், தகப்பன் பெயர், கிராமம், பக்க இலக்கம் எல்லாம் சேர்ந்தால்தான் தேடுகிறவருக்குப் பிரயோசனம். வாசிக்க முடியாததை ஊகித்து நிரப்பாமல் வெறுமையாக விட வேண்டும் என்பது கண்டிப்பான விதி.

எல்லாப் பெயரும் வெளியில் வராது. கடந்த 100 வருடப் பதிவுகள் உரியவருக்கோ குடும்பத்துக்கோ மட்டுமே கொடுக்கப்படும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் கருத்தில் கொண்டிருக்கிறோம். கொப்பிகளில் வீடு சந்திப்புப் பெயர்கள் மறைக்கப்படும். நோயாளியின் கட்டிலருகில் கேட்டது ஊருக்கல்ல என்பதில் ஐயா உறுதியாக இருக்கிறார்.

செலவு விபரம். பாவித்த கமராவும் வில்லையும் 210,000 ரூபா, இரும்புக் கம்பம், தாங்கி, விளக்குகள் 48,000, வன்தட்டுகள் 96,000. அமிலமற்ற காகிதம், பெட்டிகள், ஒட்டுவதற்கான மெல்லிய யப்பானியத் தாள் 190,000. இரண்டு இரும்பு அலுமாரிகள் 144,000. ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் ஈரமானிகள் இரண்டும் 92,000: அறையின் ஈரப்பதம் 65 வீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் முளைக்கும், எங்கள் இலக்கு 60க்குக் கீழ். இரும்பு மை ஏடுகளைத் திருத்தப் பயிற்சி பெற்றவருக்கு 240,000; அந்த ஏடுகளில் நாங்கள் கைவைக்கப் போவதில்லை. இரண்டு இளைஞருக்கு 90 நாள் சம்பளம், நாளுக்கு 3,000 வீதம், 540,000. இதை இலவசமாகச் செய்ய முன்வந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் மூன்று மாதம் தொடர்ந்து ஒரே கவனத்தோடு இருக்க வேண்டிய வேலைக்குக் கூலி கொடுப்பதே நியாயம். மின்சாரம், முகக்கவசம், சில்லறை 30,000. விலையேற்றத்துக்குப் பத்து வீதம் சேர்த்து மொத்தம் 1,749,000 ரூபா. நன்றி ஆராதனைக் காணிக்கை 312,000 அப்படியே இதற்கு வந்திருக்கிறது. மிகுதி 1,437,000.

ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 185 ரூபா வருகிறது, 200 பக்கப் பதிவேடு ஒன்றுக்கு 37,000. ஒரு பக்கம் தருகிறவரும் ஒரு பதிவேட்டைப் பொறுப்பெடுக்கிறவரும் எங்களுக்கு ஒன்றுதான். உங்கள் பெற்றோரின் விவாகப் பதிவு உள்ள ஏட்டுக்கென்று குறித்தும் தரலாம். காணிக்கை உறைகள் ஆலய வாசலில் இருக்கின்றன. வெளிநாட்டில் இருப்பவர்கள் சபை அலுவலகத்தில் கேட்டால் வங்கி விபரம் அனுப்பப்படும். திட்டத்துக்கென்றே தனிக் கணக்கு, பணம் எடுக்க மூவர் கையொப்பம். பற்றுச்சீட்டு இல்லாமல் எவரிடமும் காசு கொடுக்க வேண்டாம். வரவு செலவு ஒவ்வொரு மாதமும் அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும்.

காசு தர வசதியில்லாதவர்கள், வீட்டில் இருக்கும் பழைய ஞானஸ்நானச் சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினால் போதும். படம் எடுத்துவிட்டுக் கையோடு திருப்பித் தருவோம். அடக்கப் பதிவேட்டில் 14 பக்கங்கள் காணாமற் போயிருக்கின்றன. அவற்றில் இருந்த பெயர்களை இனி உங்கள் பெட்டிகளில்தான் தேட வேண்டும்.

ஐப்பசி மழைக்கு முன் கடைசி ஏடும் புதிய அலுமாரிக்குள் போய்விட வேண்டும். அலுமாரி சுவரிலிருந்து அரை அடி தள்ளி, கட்டையின் மேல் நிற்கும். சுவரோடு ஒட்டி நின்ற பழையதன் பின்பலகை வழியாகத்தான் கறையான் ஏறியது.

ஜெபத்துடன்,
பதிவேடுகள் பாதுகாப்புக் குழு
வலிகாமம், யாழ்ப்பாணம்