வால்பரைசோவுக்கு ஒரு பகல் போதாது

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தை அப்பாவும் நானும் சேர்ந்து உட்கார்ந்து படித்தோம். மார்ச் மாதம் சாண்டியாகோவில் உன் மாநாடு முடியும்போது நாங்கள் வந்து சேர்வது, அப்புறம் மூன்று பேருமாகச் சிலியைச் சுற்றிப் பார்ப்பது, எல்லாம் சரி. ஒரு இடத்தில் மட்டும் எனக்கு மனம் ஒப்பவில்லை. வால்பரைசோவுக்கு நீ ஒதுக்கியிருப்பது ஒரே ஒரு பகல். 120 கிலோமீட்டர்தானே, காலையில் போய்விட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். அதை மாற்று கண்ணு. நான்கு இரவாவது அந்த ஊரில் தங்குவோம். அட்டகாமா பாலைவனத்தை விட்டுவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பாலைவனத்து ஊரான சான் பெத்ரோவே 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நீ குறித்திருக்கும் வெந்நீர் ஊற்றுகள் 4,300 மீட்டரில். அப்பாவின் இரத்த அழுத்தத்தை வைத்துக்கொண்டு அங்கே விடியற்காலையில் போய் நிற்க எனக்குத் துணிச்சல் இல்லை.

ஏன் இந்த ஊர்மேல் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பாய். பள்ளியில் பனாமா கால்வாயை நடத்தும்போது எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் மிச்சம், எத்தனை நாள் மிச்சம் என்று சொல்லிக்கொண்டே போவோம். அந்த மிச்சத்தால் நொடித்துப்போன ஊர் எது என்று பாடப்புத்தகம் சொல்லாது. அது வால்பரைசோ. அட்லாண்டிக்கிலிருந்து கிளம்பி, தென் அமெரிக்காவின் தென்கோடியில் ஹார்ன் முனையையோ மெகல்லன் நீரிணையையோ சுற்றி, புயலில் அடிபட்டு வரும் கப்பல்கள் பசிபிக் பக்கம் வந்ததும் மூச்சுவிட்டு நின்ற பெரிய துறைமுகம் அதுதான். 1848இல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்ததும் அந்த வழியே போன கப்பல்களுக்குக் கணக்கில்லை. ஆங்கிலேயர், ஜெர்மானியர், இத்தாலியர் என்று வியாபாரிகள் வந்து குன்றுகளின்மேல் வீடு கட்டினார்கள். 1827இல் அங்கே தொடங்கிய எல் மெர்குரியோ நாளிதழ் இன்றும் வந்துகொண்டிருக்கிறது. 1851இல் நாட்டின் முதல் தீயணைப்புப் படையை ஊர்க்காரர்களே சேர்ந்து அமைத்தார்கள். சிலியில் இன்றைக்கும் தீயணைப்பு வீரர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள்தான், இது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

அப்புறம் அடி மேல் அடி. 1906 ஆகஸ்ட் 16ஆம் தேதி நிலநடுக்கம் வந்து ஊரின் பெரும்பகுதி இடிந்தும் எரிந்தும் போனது. ஏறக்குறைய மூவாயிரம் பேர் இறந்தார்கள். மிச்சம் மீதியை எடுத்துக் கட்டிக்கொண்டிருக்கும்போதே, ஒரு நாள் குறைய எட்டு வருடம் கழித்து 1914 ஆகஸ்ட் 15ஆம் தேதி பனாமா கால்வாய் திறந்துவிட்டது. கப்பல்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. பணமும் பணக்காரர்களும் சாண்டியாகோவுக்கும் பக்கத்து ஊரான வின்யா தெல் மாருக்கும் போய்விட்டார்கள். குன்றுகளில் பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்ட ஆளில்லாததால் அவை அப்படியே நின்றன. 2003இல் யுனெஸ்கோ அந்தப் பழைய பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததற்கு அந்த ஏழ்மையும் ஒரு காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன். இதையெல்லாம் பகல் சாப்பாட்டுக்கும் மாலை பஸ்ஸுக்கும் நடுவில் பார்க்க முடியுமா, சொல்.

ஊரின் அமைப்பைக் கொஞ்சம் மனதில் வாங்கிக்கொள், அப்போதுதான் எங்கே தங்குவது என்று புரியும். கடலோரமாக ஒரு குறுகிய சமதளம், அதில் நிறைய இடம் கடலைத் தூர்த்து எடுத்தது. துறைமுகம், வங்கிகள், சந்தை, நாடாளுமன்றம் எல்லாம் அங்கே. அதன் முதுகில் ஏறினாற்போல் நாற்பதுக்கு மேற்பட்ட குன்றுகள். மக்கள் வாழ்வது குன்றுகளில். பசிபிக் கரை என்றதும் ஊர் மேற்கே பார்க்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் வளைகுடா வடக்கு நோக்கித் திறந்திருக்கிறது. தெற்குக் கோளம் ஆனதால் நண்பகலில் சூரியனும் வடக்கே நிற்கும். அதனால் வெயில் கடல் பக்கமிருந்து வந்து வீடுகளின் முகத்தில் விழும். நெளிவுத் தகரம் அடித்து, மஞ்சளும் நீலமும் சிவப்புமாகச் சாயம் பூசிய வீடுகள். உச்சிவெயிலில் அவற்றைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அப்பாவின் முழங்காலை நினைத்துத்தான் நீ ஒரு பகலோடு நிறுத்தினாய் என்று எனக்குத் தெரியும். படிக்கட்டு ஊர், உண்மைதான். ஆனால் முழங்கால் வலிக்காரர்களை விட்டுவிடாத ஊரும் அதுவே. சமதளத்திலிருந்து குன்றுக்கு ஏற சாய்வான தண்டவாளத்தில் ஓடும் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். அசென்சோர் என்று பெயர். கிணற்று இராட்டினத்தில் ஒரு வாளி ஏற மற்றது இறங்குவதுபோல், ஒரே கம்பிவடத்தில் கட்டிய இரண்டு பெட்டிகள். முதலாவது கொன்செப்சியோன் குன்றில் 1883 டிசம்பரில் ஓடத் தொடங்கியது, அப்போது தண்ணீரின் எடையை வைத்தே இயக்கினார்கள். ஒரு காலத்தில் முப்பது வரை இருந்தவற்றில் இப்போது பாதிதான் மிச்சம். எல்லாமே தேசியச் சின்னங்கள், என்றாலும் பழுது பார்ப்பதற்காகச் சிலவற்றை அடிக்கடி மூடிவிடுகிறார்கள். நாம் போகிற வாரத்தில் எவை ஓடுகின்றன என்று தங்கும் விடுதியில் முன்கூட்டியே கேட்டு வை. எல் பெரால் ஓடினால் சொதோமயோர் சதுக்கத்தின் பக்கத்திலிருந்து ஏறி நேராக அலெக்ரே குன்றில் இறங்கலாம். மேலேயே பபுரிஸ்ஸா மாளிகை, உள்ளே ஓவிய அருங்காட்சியகம், வெளியே துறைமுகத்தைப் பார்த்தபடி உட்கார இடம். அப்பாவை அங்கே உட்கார வைத்துவிட்டால் சுமை ஏற்றும் பாரந்தூக்கிகளைப் பார்த்தே அரை நாளைக் கழித்துவிடுவார்.

பொலாங்கோ அசென்சோர் இன்னும் விசேஷம். அது சரிவில் ஓடுவதில்லை. குன்றைக் குடைந்த சுரங்கப்பாதையில் நூற்றைம்பது மீட்டர் போல நடந்துபோய், அங்கிருந்து செங்குத்தாகக் கோபுரத்தின் உச்சிக்கு ஏற வேண்டும். ஓடினால் கட்டாயம் போவோம். அப்புறம் 612 எண் பஸ். அது குன்றுகளின் இடுப்பைச் சுற்றிப் போகும் அலெமானியா சாலையில் ஓடுகிறது. சன்னலோரம் உட்கார்ந்தால் ஒவ்வொரு வளைவிலும் கடல் தெரியும், ஒரு படி ஏற வேண்டாம். கீழே சமதளத்தில் 1952இல் தொடங்கிய, மேலே கட்டிய மின்கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் டிராலி பஸ்கள் இருக்கின்றன. 1940களில் அமெரிக்காவில் செய்த சில வண்டிகளை இன்னும் ஓட்டுகிறார்கள். அதில் அப்பாவோடு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போய் வர வேண்டும்.

இனி சிலியின் கவிஞர் பாப்லோ நெரூதாவின் வீடு. உன் பட்டியலில் லா செபஸ்தியானா இரண்டாவதாக இருக்கிறது. 1961இல் அவர் குடிபுகுந்த வீடு, ஐந்து மாடி, சன்னலெல்லாம் கடல். கல்லூரி நாள்களில் அவருடைய கவிதைகளைத் தமிழில் படித்து நோட்டில் எழுதி வைத்தவள் நான். ஆனால் நான் அந்த வீட்டுக்குள் வரவில்லை. காரணம் உனக்குத் தெரிந்திருக்கலாம், தெரியாவிட்டால் நான்தான் சொல்ல வேண்டும். 1929இல் அவர் சிலியின் தூதரக அதிகாரியாகக் கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்தார். தினமும் விடியற்காலையில் அவருடைய கழிவறையைச் சுத்தம் செய்ய ஒரு பெண் வருவாள். தமிழ்ப் பெண், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதி என்று அவரே எழுதுகிறார். ஒருநாள் காலை அவள் கையைப் பிடித்துப் படுக்கைக்கு இழுத்துப் போனதையும், அவள் கடைசிவரை கண்ணைத் திறந்தபடி அசையாமல் கிடந்ததையும், அவள் தன்னை இகழ்ந்தது நியாயம்தான் என்பதையும் அவரே நினைவுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அவர் இறந்த அடுத்த வருடம், 1974இல் அது வெளிவந்தது. அவள் பெயர் அதில் இல்லை.

2018இல் சாண்டியாகோ விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைக்கும் யோசனை எழுந்தபோது, இந்தப் பக்கத்தைக் காட்டித்தான் சிலி நாட்டுப் பெண்கள் எதிர்த்தார்கள். பெயர் மாறவில்லை. நாம் வந்து இறங்கப்போகும் விமான நிலையத்துக்கு இன்றும் பழைய பெயர்தான். அந்தப் பெண்களுக்கு நம் ஊர் தெரியாது, நம் மொழி தெரியாது. ஆனாலும் பெயர் தெரியாத ஒரு தமிழ்ப் பெண்ணுக்காகப் பேசினார்கள். அதைப் படித்த அன்று எனக்கு அந்த நாட்டின்மேல் மதிப்பு கூடியது. நீ உள்ளே போக விரும்பினால் போய்ப் பார், நான் தடுக்க மாட்டேன். உனக்கென்று ஒரு முடிவு இருக்கும். காதில் மாட்டிக்கொள்ள ஒலி வழிகாட்டி தருவார்களாம். அதில் கொழும்பைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கவனித்து வந்து எனக்குச் சொல். நானும் அப்பாவும் அந்தத் தெருவிலேயே நடந்துகொண்டிருப்போம், கடல் அங்கிருந்தும் தெரியும்.

சாப்பாட்டைப் பற்றி நீ கவலைப்படாதே. சொர்ரில்லானா என்று ஒரு பெரிய தட்டு அந்த ஊரின் பெருமை. பொரித்த உருளைக்கிழங்கின்மேல் வெங்காயம், முட்டை, மாட்டிறைச்சி. நீ நண்பர்களோடு போகும்போது சாப்பிடு, அப்பாவுக்கு ஆகாது. அவருக்கு மீன் இருக்கிறது, கொங்க்ரியோ மீன் போட்ட குழம்பு சூப் கடலோரம் எங்கேயும் கிடைக்கும். எனக்கு உமீத்தா போதும். பச்சைச் சோளத்தை அரைத்து, சோள மடலிலேயே மடித்து வேகவைப்பது. புதுப் பயறும் சோளமும் பூசணியும் சேர்த்துச் செய்யும் பொரோத்தோஸ் கிரனாதோஸும் அந்தப் பருவத்தில் கிடைக்குமாம்.

ஊறுகாய், பருப்புப் பொடி, நெய் எதுவும் கொண்டுவர மாட்டேன், கேட்காதே. ஒரு பக்கம் ஆண்டீஸ் மலை, வடக்கே பாலைவனம், மேற்கே கடல் என்று இயற்கையே வேலி போட்டதால் அந்த நாட்டுப் பழத்தோட்டங்களுக்குப் பூச்சி நோய்கள் குறைவு. அதைக் காப்பாற்ற விமான நிலையத்தில் பையைக் குடைந்து பார்க்கிறார்கள். நீயும் கனடாவிலிருந்து வரும்போது கைப்பையில் ஒரு ஆப்பிள்கூட மிச்சம் வைக்காதே. எது இருந்தாலும் படிவத்தில் "ஆம்" என்று எழுதிக் காட்டிவிடு. மறைத்தால்தான் அபராதம், அதுவும் கடுமையாக.

கடலில் குளிக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். ஹம்போல்ட்டு நீரோட்டம் தெற்கிலிருந்து குளிர்நீரைக் கொண்டுவருவதால் கோடையிலும் தண்ணீர் 15 டிகிரியை ஒட்டித்தான். மார்ச்சில் மழை இருக்காது, ஆனால் காலையில் மூடுபனி கட்டிக்கொண்டு பகலில்தான் விலகும். மாலையில் காற்று குளிரும். அப்பாவுக்கு ஒரு ஸ்வெட்டர், எனக்குச் சால்வை, உனக்கும் காது மூடும்படி ஏதாவது எடுத்து வை.

கீழே துறைமுகத் தெருக்களில் கைப்பேசியைக் கையில் ஏந்தி நடக்காதே. இருட்டிய பிறகு அந்தப் பக்கம் நடக்கவே வேண்டாம், வாடகை வண்டி வரவழைத்துக்கொள்வோம். காட்டுத்தீயும் அந்த ஊருக்கு நிரந்தரக் கவலை. 2014 ஏப்ரலில் மேல் குன்றுகளில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன, 2024 பிப்ரவரியில் பக்கத்தில் வின்யாவில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். விடுதியில் சேர்ந்ததும் வெளியேறும் வழியைக் கேட்டு வைத்துக்கொள். நிலம் பலமாக ஆடினால் அறிவிப்புக்காகக் காத்திருக்கக் கூடாது. கடல் மட்டத்திலிருந்து 30 மீட்டருக்கு மேலே போய்விட வேண்டும் என்பதே அங்குள்ள விதி, தெருவெங்கும் பலகை வைத்திருக்கிறார்கள். 2004 டிசம்பர் சுனாமியைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதனால்தான் தங்கும் இடம் குன்றின்மேல் இருக்கட்டும் என்கிறேன். அலெக்ரே அல்லது கொன்செப்சியோன். விமான நிலையத்திலிருந்து பஹாரித்தோஸ் பஸ் நிலையத்துக்கு வந்துவிட்டால் நகரத்துக்குள் நுழையாமலே வால்பரைசோ பஸ் பிடிக்கலாம், இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். நாங்கள் நேராக அங்கேயே வந்துவிடுகிறோம், நீயும் மாநாடு முடிந்ததும் அங்கே வந்து சேர்ந்துகொள். விசாவுக்கான தாள்களை அப்பா தயார் செய்துகொண்டிருக்கிறார். உன் அழைப்புக் கடிதமும் தங்கும் இடத்தின் முன்பதிவும் இந்த வாரத்துக்குள் வேண்டும் என்கிறார். முன்பதிவு செய்யும் முன் அந்த வீட்டுக்காரரிடம் ஒன்றை மட்டும் கேட்டுவிடு: வண்டி நிற்கும் இடத்திலிருந்து வாசல் வரை எத்தனை படி, கைப்பிடி இருக்கிறதா. முப்பதுக்கு மேல் என்றால் வேறு வீடு பார்.

அன்புடன்,
அம்மா