அப்பா கடையில்தான் இருக்கிறார்

அன்புள்ள கயலுக்கு,

போன வாரம் "அப்பா எங்கேம்மா" என்று கேட்டாய். "வேற எங்க, காப்பிக் கடையிலதான்" என்றதும் சலித்துக்கொண்டாய். மெடானிலிருந்து கல்யாணமாகி இந்தோனேசியாவின் இந்த மூலைக்கு, பண்டா ஆச்சேக்கு, வந்த புதிதில் நானும் அப்படித்தான், ஒரு கிளாஸ் காப்பிக்கு மூன்று மணி நேரமா என்று சண்டையே போட்டிருக்கிறேன். இந்த ஊர்க்காரர்கள் சொல்கிற கெடாய் நம்முடைய 'கடை'தான். சொல்லை வாங்கிக்கொண்டு, உட்காருவதை அவர்களே சேர்த்துக்கொண்டார்கள் போல.

நான் வாயை மூடியது 2004 டிசம்பரில். உனக்கு மூன்று வயது. சுனாமிக்கு அப்புறம் போன் கிடையாது, கரன்ட் கிடையாது, யார் இருக்கிறார் யார் இல்லை என்றே தெரியாது. ஊருக்குள் தள்ளியிருக்கிற உலே காரெங் பக்கம் அலை வரவில்லை, அங்கே கடைகளில் அடுப்பு பற்றவைத்ததும் அப்பா தினமும் நடந்தே போய் உட்காருவார், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்பார். சித்தப்பா ஒரு முகாமில் உயிரோடு இருக்கிறார் என்பது அங்கேதான் தெரிந்தது. அதற்கு முன்னால், ராணுவமும் ஆச்சே விடுதலைப் படையும் சண்டை போட்ட காலத்தில், இருட்டினால் எல்லாரும் கதவைச் சாத்திவிடுவோம். 2005 ஆகஸ்ட் 15-இல் ஹெல்சிங்கியில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது என்று டிவியில் சொன்னார்கள், எனக்கென்னவோ ராத்திரி பதினொரு மணிக்கும் கடையில் விளக்கு எரிவதைப் பார்த்த பிறகுதான் நம்பிக்கை வந்தது.

சரி, நான் எழுத வந்தது வேறு. போன ஞாயிற்றுக்கிழமை நானும் போய் உட்கார்ந்தேன்! அந்த நாளில் பெண்கள் வாசலில் நின்று பிளாஸ்டிக் பையில் வாங்கிக்கொண்டு வருவதோடு சரி. இப்போது பாதிக் கடை காலேஜ் பெண்கள். (2018-இல் இதே ஆச்சேயில் பிருவென் மாவட்டத்தில், உறவில்லாத ஆணும் பெண்ணும் ஒரே மேசையில் உட்காரக் கூடாது என்று உத்தரவு போட்டார்களே, அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.) நீளமான துணி வடிகட்டியைத் தலைக்கு மேல் தூக்கித் தூக்கி கடைக்காரர் காப்பி ஆற்றுகிற அழகு இருக்கிறதே! நான் சாங்கெர் சொன்னேன், கன்டென்ஸ்டு மில்க் கொஞ்சமாக விட்டது. கையில் காசில்லாத மாணவர்களும் கடைக்காரரும் 'சாமா சாமா ங்கெர்தி', அதாவது உனக்கும் புரியும் எனக்கும் புரியும் என்று பேசிவைத்துக்கொண்டதில் வந்த பெயராம். கேட்காமலேயே புலுட், திம்பான் என்று ஒட்டரிசிப் பலகாரமெல்லாம் தட்டில் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள், தின்றதற்கு மட்டும் காசு. எத்தனை தின்றோம் என்று நாம் சொல்வதுதான் கணக்கு.

கடைக்காரருக்கு உன் வேலை, உன் அறை வாடகை, போன மாசம் உனக்கு வந்த காய்ச்சல் வரைக்கும் தெரிந்திருக்கிறது. அப்பா வீட்டில் பேசாததெல்லாம் அங்கே பேசுகிறார்! உன் பக்கத்து அறைக்காரர் பெயர் உனக்கே தெரியாது என்றாயே. உங்கள் ஆபீஸ் வாசலில் சைக்கிளில் பாக்கெட் காப்பி விற்கிறவரிடமாவது ரெண்டு நிமிஷம் நின்று பேசு.

கடைக்காரர் உனக்கென்று அரைக் கிலோ காப்பிப் பொடி கொடுத்தார், பார்சலில் வருகிறது. காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார், பெருநாளுக்கு வரும்போது நீயே கொடுக்க வேண்டுமாம்.

அம்மா