வாடகை வீட்டுக்குப் பாலிசி எதற்கு?

சத்துவாச்சாரி

அன்புள்ள முருகேசா,

காட்பாடியில் வீடு கிடைத்துப் பால் காய்ச்சியாயிற்று என்று படித்ததும் மகிழ்ச்சி. பெண்ணுக்குக் கல்லூரி நடந்து போகிற தூரம் என்றால் பெரிய நிம்மதிதான். இங்கே அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அடுப்படிப் பக்கம் போகாதே என்றால் கேட்கிறாளா?

சரி, இன்சூரன்ஸ் விஷயம். "வீடே என்னுடையது இல்லை, எனக்கெதற்குப் பாலிசி" என்று எழுதியிருக்கிறாய். சுவரும் கூரையும் ஹவுஸ் ஓனர் பாடு. ஆனால் அவர் பாலிசி எடுத்திருந்தாலும் உன் ஃப்ரிட்ஜும் பீரோவும் அதில் வராது. 2021 ஏப்ரல் முதல், இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ கொண்டுவந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசி இருக்கிறது. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் அடிப்படை ஒன்றுதான். வீட்டுப் பொருட்களுக்கு மட்டும் போதும் என்று ஏஜென்டிடம் சொல்லிவிடு. ஓனர் கட்டிடத்துக்கு நீ ஏன் பிரீமியம் கட்டவேண்டும்?

தீ, மின்னல், புயல், வெள்ளம், நிலநடுக்கம், தண்ணீர் டேங்க் உடைந்து கொட்டுவது எல்லாம் அடங்கும். நிலநடுக்கமா என்று சிரிக்காதே, 2021 கடைசியில் உங்கள் பேரணாம்பட்டு பக்கம் நிலம் அதிர்ந்தது. பாலாற்றில் வெள்ளம் வந்ததும் அதே வருஷம் நவம்பரில்தான். மணலை மட்டுமே பார்த்து வளர்ந்த நமக்கு அது ஆறு என்பதே மறந்திருந்தது.

திருட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பூட்டை உடைத்துத் திருடினால் அடிப்படை பாலிசியில் பணம் வராது. தீயோ வெள்ளமோ வந்து, அதைச் சாக்கிட்டு ஏழு நாளுக்குள் பொருள் களவு போனால்தான் உண்டு. லீவு விட்டால் எல்லாரும் ஊருக்குக் கிளம்பிவிடுவீர்கள். அதனால் திருட்டுக்குத் தனியாகக் கவர் சேர்த்துக்கொள். வீடு எத்தனை நாள் பூட்டிக் கிடக்கலாம் என்பதையும் கேட்டு வை.

அப்புறம் கரன்ட். வோல்டேஜ் எகிறி ஃப்ரிட்ஜ் உள்ளுக்குள் கருகினால் அந்த ஃப்ரிட்ஜுக்கு ஒன்றும் கிடைக்காது. அதிலிருந்து தீ பரவி பக்கத்து பீரோவும் துணிமணியும் எரிந்தால் அவற்றுக்குக் கிடைக்கும். பழைய ஸ்டெபிலைசரைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதே.

பாலிசித் தொகையை, அதே பொருளை இன்று புதிதாக வாங்கினால் என்ன ஆகுமோ அந்தக் கணக்கில் போடு. குறைத்துப் போட்டால், அந்த விகிதத்துக்கு நஷ்டஈட்டையும் வெட்டமாட்டார்கள்; ஆனால் போட்ட தொகைக்கு மேல் ஒரு ரூபாய் வராது. ரொக்கப் பணம் கணக்கிலேயே இல்லை. நகையைத் தனியாகச் சொல்லிச் சேர்க்க வேண்டும். என்னைக் கேட்டால் அது லாக்கரிலேயே இருக்கட்டும். பில்லையெல்லாம் போட்டோ எடுத்துப் பெண்ணின் போனுக்கு அனுப்பிவிடு. பீரோவிலேயே வைத்தால் பீரோவோடு சேர்ந்து போகும்.

ஏஜென்ட் தாள் நீட்டினால் கையெழுத்துக்கு முன் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வா. இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய் வந்திருக்கிறது, உன் தங்கச்சி குழம்பு வைப்பாள்.

இப்படிக்கு,
சேகர்